செல்லும், ஆனால் வாங்க மாட்டோம்

காலையில் எடின்பரோவின் ஏடிஎம் இயந்திரம் கொடுத்த 20 பவுண்டு நோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறி, மாலையில் லண்டனில் இறங்குபவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கலாம். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. நாடு மாறவில்லை. பவுண்டும் அதே பவுண்டுதான். ஆனால் தெருமுனைக் கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், பின்னால் நிற்கும் வரிசையைப் பார்க்கிறார். பிறகு மரியாதையாகவே கேட்கிறார்: "வேறு நோட்டு இருக்கிறதா?"

கள்ள நோட்டு அல்ல. காலாவதியான நோட்டும் அல்ல. அது ஸ்காட்லாந்து நோட்டு. அவ்வளவுதான் குற்றம்.

பணம் அச்சடிப்பது மத்திய வங்கியின் ஏகபோகம் என்று நினைத்துப் பழகிவிட்ட நமக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் மூன்று வணிக வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிட்டு வெளியிடுகின்றன: பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல் பாங்க். வட அயர்லாந்திலும் இதே வழக்கம் உண்டு. நம் ஊரில் இந்தியன் வங்கி தன் பெயரில் 500 ரூபாய் நோட்டு அடித்து வெளியிடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். அதைக் கோயம்புத்தூரில் வாங்குவார்கள், கான்பூரில் வாங்குவார்களா?

இத்தனைக்கும் இவை நேற்று முளைத்த வங்கிகள் அல்ல. பாங்க் ஆஃப் இங்கிலாந்து தொடங்கியது 1694-ல். பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1695-ல். இதில் ஒரு வேடிக்கை: இங்கிலாந்தின் வங்கிக்கு யோசனை சொன்ன வில்லியம் பேட்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர், ஸ்காட்லாந்தின் வங்கியை நிறுவிய ஜான் ஹாலந்து இங்கிலாந்துக்காரர். இரு நாடாளுமன்றங்களும் 1707-ல் ஒன்றாயின. கொடி ஒன்றானது, நாணயச் சாலையின் காசு ஒன்றானது. காகிதம் மட்டும் அவரவர் வழியில் போனது.

அந்தக் காகிதத்தைக் காப்பாற்றியவர் ஒரு நாவலாசிரியர். 1825-ன் கடைசியில் இங்கிலாந்தில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது, சின்ன நோட்டுகள்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று லண்டன் அரசு முடிவு கட்டியது. 5 பவுண்டுக்குக் குறைந்த நோட்டுகளை நாடு முழுவதும் ஒழித்துவிட வேண்டும் என்றது. ஸ்காட்லாந்தில் தங்கக் காசைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. ஒரு பவுண்டு நோட்டில்தான் சந்தையே நடந்தது. சர் வால்டர் ஸ்காட் 1826-ல் 'மலாக்கி மலாகிரவுதர்' என்ற புனைபெயரில் எடின்பரோ வார இதழ் ஒன்றில் மூன்று கடிதங்கள் எழுதினார். லண்டனில் காய்ச்சல் வந்தால் எடின்பரோவுக்கு ஏன் மருந்து புகட்டுகிறீர்கள் என்பதுதான் சாரம். ஊரே திரண்டது. அரசு பின்வாங்கியது. ஸ்காட்லாந்தின் ஒரு பவுண்டு நோட்டு பிழைத்தது.

கடிதங்கள் எழுதிய அந்த நாட்களில் ஸ்காட் சொந்தக் கணக்கில் திவாலாகியிருந்தார். அவர் கூட்டாளியாக இருந்த அச்சகமும் அவருடைய பதிப்பாளரும் அந்த ஜனவரியில்தான் கவிழ்ந்திருந்தார்கள். லட்சம் பவுண்டுக்கு மேல் கடன். மிச்ச வாழ்நாள் முழுவதும் எழுதி எழுதியே அதை அடைத்துக்கொண்டிருந்தார். கடனாளியான ஒரு மனிதரின் முகத்தைத்தான் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இன்றுவரை தன் நோட்டுகளில் அச்சிடுகிறது. இதைவிட நன்றியுள்ள வங்கியை நான் கேள்விப்பட்டதில்லை. கிளைட்ஸ்டேல் பாங்கின் 10 பவுண்டு நோட்டில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். ராயல் பாங்க் 2016-ல் வெளியிட்ட 5 பவுண்டு நோட்டில் நான் ஷெப்பர்ட் என்ற பெண் எழுத்தாளர். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பொறாமை வருமா வராதா? (நம் பங்குக்கு 1995-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வள்ளுவர் நாணயம் வந்தது. அதைச் செலவழித்தவர்களைவிடப் பீரோவில் பூட்டி வைத்தவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.)

இனி சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. ஸ்காட்லாந்து நோட்டு இங்கிலாந்தில் 'லீகல் டெண்டர்' அல்ல. சரி, ஸ்காட்லாந்தில்? அங்கும் அல்ல. அப்படியானால் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டு? அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டுமே லீகல் டெண்டர். 1954-ன் சட்டப்படி 5 பவுண்டுக்குக் குறைந்த பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுகளுக்கு ஸ்காட்லாந்திலும் அந்தத் தகுதி இருந்தது. 1988-ல் அதன் ஒரு பவுண்டு நோட்டு ஒழிந்ததோடு அதுவும் போயிற்று. ஆக இன்று ஸ்காட்லாந்தில் லீகல் டெண்டர் என்ற தகுதி எந்த நோட்டுக்கும் கிடையாது. நாணயங்களுக்கு மட்டுமே உண்டு. ஆனாலும் அங்கே நோட்டில்தான் சம்பளம், நோட்டில்தான் சாப்பாடு. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இந்த 'லீகல் டெண்டர்' என்னைப் பல இரவுகள் படுத்தியிருக்கிறது. 'சட்டப்படி செல்லும் பணம்' என்று எழுதிவிட்டுப் பத்திரிகைகள் அடுத்த வரிக்குப் போய்விடும். படிப்பவர், அப்படியென்றால் மற்றதெல்லாம் செல்லாத பணம் என்று புரிந்துகொள்வார். உண்மையில் அதன் பொருள் மிகக் குறுகியது. நீங்கள் எனக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். சட்டம் குறிப்பிட்ட பணத்தில், சரியான தொகையை நீட்டுகிறீர்கள். நான் வாங்க மறுத்தால், பிறகு நீங்கள் பணமே தரவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது. அவ்வளவே. 'டெண்டர்' என்பது இங்கே நீட்டுதல். பெட்டிக்கடையில் ரொட்டி வாங்கும்போது இன்னும் கடன் என்ற ஒன்றே உருவாகவில்லை, பேரம்தான் நடக்கிறது. பிரிட்டனில் ஒரு கடைக்காரர் ஸ்காட்லாந்து நோட்டையும் மறுக்கலாம், லண்டனின் 50 பவுண்டு நோட்டையும் மறுக்கலாம். சட்டம் தலையிடாது.

தமிழில் நாம் சட்டத்தைக் கேட்பதே இல்லை. 'இந்த நோட்டு செல்லுமா?' என்றுதான் கேட்கிறோம். செல்வது என்றால் நடப்பது, போவது. பணத்துக்குக் கால் உண்டு என்று நம்பிய மொழி இது. கால் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர்.

ஸ்காட்லாந்து நோட்டின் பின்னால் உள்ள ஜாமீனைப் பார்த்தால் அந்தக் கடைக்காரர் மேல் பரிதாபமே வரும். அந்த வங்கிகள் நினைத்தபடி அடித்து விட முடியாது. 1845-ன் சட்டம் முதலில் கடிவாளம் போட்டது. 2009-ன் வங்கிச் சட்டம் அதை இறுக்கியது. வெளியே விட்ட நோட்டுகளுக்கு ஈடு எந்நேரமும் இருக்க வேண்டும். இதற்காகவே பாங்க் ஆஃப் இங்கிலாந்து இரண்டு வகைப் பிரம்மாண்ட நோட்டுகள் வைத்திருக்கிறது. ஒன்று பத்து லட்சம் பவுண்டு மதிப்புள்ளது, பெயர் 'ஜயன்ட்'. மற்றது பத்துக் கோடி பவுண்டு, பெயர் 'டைட்டன்'. இவை வெளியே வருவதே இல்லை. பெட்டகத்தில் கிடந்தபடியே ஸ்காட்லாந்தின் கிழிசல் நோட்டுக்கெல்லாம் ஜாமீன் நிற்கின்றன. கடைக்காரர் மறுக்கும் அந்த 20 பவுண்டுக்குப் பின்னால் நிற்பது அவர் தினமும் கும்பிட்டு வாங்கும் அதே பாங்க் ஆஃப் இங்கிலாந்துதான்.

பிறகு ஏன் மறுக்கிறார்? தெரியாததால். மூன்று வங்கிகள், ஒவ்வொன்றிலும் பல மதிப்புகள், அவ்வப்போது புது வடிவங்கள். இதில் வட அயர்லாந்து வங்கிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கள்ள நோட்டு என்றால் நஷ்டம் அவருடையது. பெரிய பல்பொருள் அங்காடியில் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. அவர்களுக்கு இயந்திரம் உண்டு, பயிற்சி உண்டு, நஷ்டத்தைத் தாங்கும் கணக்கும் உண்டு. சின்னக் கடைக்காரருக்கு இருப்பது கண் மட்டும். கண் பார்த்துப் பழகிய முகத்தையே நம்பும்.

முகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கிளாஸ்கோவில் படித்துவிட்டுத் திரும்பிய நண்பர் மகன் ஒருவன், பையில் மிச்சமிருந்த நோட்டுகளோடு சென்னையில் ஒரு நாணய மாற்று நிலையத்துக்குப் போனான். எலிசபெத் ராணி உயிரோடிருந்த காலம். கவுன்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுல ராணி எங்கப்பா?" ஸ்காட்லாந்து வங்கிகளின் வழக்கமான நோட்டுகளில் ராணி கிடையாது என்று பையன் விளக்கினான். "அது இருக்கட்டும். ராணி இருக்கற நோட்டு இருந்தா குடு, வாங்கிக்கறேன்" என்றார் அவர். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு, வேண்டுமானால் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பையன் மறுத்துவிட்டு, அடுத்து யார் லண்டன் போகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

இந்தக் 'குறைந்த விலை'யைத்தான் கவனிக்க வேண்டும். லண்டன் நோட்டு வடக்கே போனால் எடின்பரோவில் அதை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை, அங்கே அது லீகல் டெண்டர் இல்லை என்றபோதிலும். எடின்பரோ நோட்டு தெற்கே வந்தால்தான் விசாரணை. ஒன்றியத்தின் பாதை இரு பக்கமும் ஒரே அகலமாக இல்லை. ஸ்காட்லாந்தின் எம்.பி.க்கள் தங்கள் நோட்டைக் கடைகள் ஏற்கும்படி செய்யத் தனிநபர் மசோதாக்கள் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒன்றும் சட்டமாகவில்லை.

வட்டார நோட்டுக்கு ஒரே ஒரு முறை பெரிய லாபமும் கிடைத்திருக்கிறது. 2004 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட்டில் நார்தர்ன் பாங்கின் தலைமையகத்திலிருந்து 2 கோடியே 65 லட்சம் பவுண்டு கொள்ளை போனது. அதில் பெரும் பகுதி அந்த வங்கியே அச்சிட்ட நோட்டுகள். வங்கி என்ன செய்தது? புழக்கத்தில் இருந்த தன் நோட்டுகளைச் சுமார் 30 கோடி பவுண்டுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு, 2005-ல் வேறு நிறத்தில் புதியவற்றை வெளியிட்டது. பழைய நிறத்தில் கட்டுக்கட்டாக நோட்டு வைத்திருப்பவர் அதன் கதையைச் சொல்லியாக வேண்டும். பெல்ஃபாஸ்ட் நோட்டு லண்டனில் சுலபமாகச் செல்லாது என்பது அந்தத் திருடர்களுக்கும் தலைவலியாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வெள்ளைக்காரனின் கிறுக்குத்தனம் என்று சிரிக்க நமக்கு அதிக உரிமையில்லை. ஒரே நாட்டுக்குள் வட்டார நோட்டு என்ற ஏற்பாட்டை அவர்கள் இந்தியாவிலும் நடத்தினார்கள். இங்கே அது வழக்கம்கூட அல்ல, சட்டம்.

1861-ன் காகிதப் பணச் சட்டம் வணிக வங்கிகளிடமிருந்து நோட்டு அடிக்கும் உரிமையைப் பறித்து அரசிடம் கொடுத்தது. நாடு 'வட்டங்களாக'ப் பிரிக்கப்பட்டது. முதலில் கல்கத்தா, பம்பாய், சென்னை. பிறகு கூடிக் குறைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்பூர், லாகூர், கராச்சி, ரங்கூன் என்று ஏழு. சென்னை வட்டத்தின் நோட்டு சென்னை வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். மதுரை வியாபாரி 100 ரூபாய் சென்னை நோட்டோடு கல்கத்தா போனால், அங்கே அதற்கு வெள்ளி ரூபாய் கொடுக்கும் கடமை சர்க்காருக்கே இல்லை. நோட்டின் மேல் இருப்பது விக்டோரியா மகாராணியின் படமே ஆனாலும் சரி.

காரணம் கெட்ட எண்ணம் அல்ல, வெள்ளியின் கனம். நோட்டைக் கொண்டுவந்தால் வெள்ளி ரூபாய் எண்ணித் தருவோம் என்பது சர்க்காரின் வாக்கு. எந்த நோட்டையும் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் ஒவ்வொரு ஊரிலும் வண்டி வண்டியாக வெள்ளி இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பஞ்சு வாங்கவும் சணல் வாங்கவும் பணம் ஒரே பக்கமாக ஓடும். ரயில் முழுமையாக வராத நாட்டில் அது பெரும்பாடு. ஆகவே வட்டம் போட்டார்கள்.

வட்டத்துக்கு வெளியே நோட்டை மாற்ற வேண்டியவர் சராஃபிடம் போனார். சராஃப் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். அந்தக் கழிவுக்கும் தமிழில் வட்டம் என்றே பெயர். பேரகராதியைப் புரட்டினால் வட்டத்துக்கு எத்தனையோ பொருள்களுக்கு நடுவே நாணயம் மாற்றும்போது கொடுக்கும் கழிவு என்பதும் இருக்கும். அதிகாரி வரைபடத்தில் போட்டதும் வட்டம், சராஃப் கணக்கில் எடுத்ததும் வட்டம். மொழி எப்போதாவது இப்படி ஒரு உபகாரம் செய்கிறது.

நோட்டைத் தபாலில் அனுப்புவதும் அந்தக் காலத்தில் ஒரு கலை. நோட்டை நடுவே இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்த பிறகு மறு பாதி போகும். தபால் பையைக் கொள்ளையடித்தவனுக்கு அரை நோட்டுதான் மிஞ்சும். பெல்ஃபாஸ்ட் வங்கி நிறத்தை மாற்றிச் செய்ததை நம் முன்னோர் கத்தரிக்கோலால் செய்திருக்கிறார்கள்.

வட்டங்கள் மெதுவாகத்தான் உடைந்தன. 1903-ல் 5 ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, நாடெங்கும் செல்லும் என்றானது. 1910-ல் 10, 50. அடுத்த ஆண்டு 100. பிற்பாடு பெரும் புகழ் பெற்ற பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் தன் முதல் புத்தகத்தை 1913-ல் இந்திய நாணய முறையைப் பற்றித்தான் எழுதினார். இந்த வட்டக் கதையும் அதில் உண்டு. 1934-ன் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-வது பிரிவு, ரிசர்வ் வங்கி நோட்டு 'இந்தியாவின் எந்த இடத்திலும்' செல்லும் என்கிறது. இன்று அந்தச் சொற்களைச் சட்டத்தின் வழக்கமான நீட்டி முழக்கல் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஐம்பது வருஷம் வட்டம் கட்டியவர்களுக்கு அது வெறும் சொல் அல்ல.

ஹைதராபாத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிஜாமின் சிக்கா ரூபாய் 7 கொடுத்தால் இந்திய ரூபாய் 6. இங்கிருந்து 100 ரூபாய் கொண்டுபோனவர் கையில் அங்கே 116 ரூபாய் 10 அணா 8 பை. கணக்கு வாய்ப்பாடு தெரியாதவர்கள் எத்தனை பேர் அந்த எட்டுப் பையை இழந்தார்களோ. ராணுவ நடவடிக்கை 1948-ல் முடிந்தது. நிஜாமின் நோட்டு முழுமையாகச் செல்லாமல் போக 1959 வரை ஆனது. ராஜ்யம் போன பிறகும் பதினோரு வருஷம் பணம் உயிரோடு இருந்தது.

சரி, இப்போது எல்லாம் ஒரே வட்டம்தானே? பத்து ரூபாய் நாணயத்தைக் கேளுங்கள். 2011-க்குப் பிறகு ரூபாய்ச் சின்னத்தோடு புது வடிவம் வந்ததும், கதிர்க் கோடு 10 இருந்தால் நல்லது, 15 இருந்தால் போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சென்னையில் தாராளமாக நடமாடிய காசு, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வருஷக்கணக்கில் செல்லவில்லை. பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் ஸ்காட்லாந்து. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. 14440 என்ற எண்ணை அழைத்தால் விளக்கம் கிடைக்கும் என்றது. மாவட்ட ஆட்சியர்கள் எச்சரித்தார்கள். கடைக்காரர் சொன்ன பதில் ஒன்றே: "நான் வாங்கிக்கறேன் சார், எங்கிட்ட யார் வாங்குவாங்க?" அவர் சொன்னது பொய்யல்ல.

இதில் சட்டத்தின் குறும்பைப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் ஒருவர் இந்த அவமதிப்பைக் கண்டு மனம் கொதித்து, சுமார் 6 லட்சம் ரூபாய்க்குப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கார் வாங்கினார். செய்தி எங்கும் பரவியது. ஆனால் 2011-ன் நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரைதான் லீகல் டெண்டர். அதாவது, மறுக்க உரிமையுள்ள கார் கடை மூட்டையை வாங்கி எண்ணியது. சட்டம் யார் பக்கம் இல்லையோ அந்தப் பெட்டிக்கடை ஒற்றை நாணயத்தை மறுத்தது.

நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால் பூக்காரியிடம் வந்து முடிகிறது. முழம் பூவுக்கு யாராவது தள்ளிவிட்ட காசு அது. வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. மொத்த வியாபாரி அவரிடம் வாங்க மாட்டார். வங்கிக்குப் போனால் அரை நாள் பிழைப்பு போயிற்று. ஆகவே பத்து ரூபாய்க் காசை எட்டு ரூபாய்க்கு மாற்றிக்கொள்பவரும் உண்டு. பழைய வட்டம்தான், சராஃபின் பெயர்ப்பலகை மட்டும் இல்லை.

இப்போது பூக்கூடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது, எடின்பரோக்காரரும் லண்டனில் கார்டைத் தட்டிவிட்டு நடக்கிறார். கடைகள் மறுத்த நாணயங்களைத் தயங்காமல் வாங்கிக்கொண்ட ஓரிடம் நம் ஊரில் எப்போதும் உண்டு: கோயில் உண்டியல். கோடு எத்தனை என்று சாமி எண்ணுவதில்லை. உண்டியல் திறந்ததும் நாணயங்கள் மூட்டையாக வங்கிக்குப் போகும். சில்லறை கேட்டு வரும் கடைக்காரர்களிடம் வங்கி அந்த மூட்டையைத்தான் நீட்டும்.

"வேற இல்லையா சார்?" என்பார்கள் அவர்கள்.